மேனேஜருக்கு ஒரு சாய்வுப் பலகை

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. டைல்ஸ் போடும்போது ஒன்று விரிசல் விட்டுவிட்டால் அதைத் தூக்கி எறிய மாட்டார். பீரோ எங்கே வரும், ஃபிரிட்ஜ் எந்த மூலையில் நிற்கும் என்று வீட்டுக்காரரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்வார். விரிசல் விட்டது அந்த இடத்துக்குப் போய்விடும். மேலே பீரோ ஏறி உட்கார்ந்த பிறகு யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

"உடைஞ்சதை எங்க வைக்கணும்னு தெரிஞ்சவன்தான் மேஸ்திரி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான புதிதில் அவர் மனைவியும் கூடச் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள். பத்தொன்பது வருஷம் கழித்துத்தான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் மூன்று பேர். மேஸ்திரி, அவள், மேனேஜர். மேனேஜர் என்பது பூனை. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, வயது ஆறு. முற்றத்தில் மேஸ்திரி டைல்ஸ் அறுக்கும்போதெல்லாம் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல், எதிலும் திருப்தி இல்லாத முகத்தோடு மேற்பார்வை பார்த்ததால் அந்தப் பெயர். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் நிறுத்தி வெகு காலமாகிவிட்டது.

அவளுக்கு சோபா, நாற்காலிகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை. காலையில் போனால் திரும்ப ஐந்தரை ஆகும். மேஸ்திரிக்கு நேரம் காலம் கிடையாது. வேலை முடிந்தால் தன் சின்ன வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். டைல்ஸ் பெட்டிகளை இறக்க வசதியாக வேனைப் பின்பக்கமாகத்தான் முற்றத்துக்குள் கொண்டுவருவார். அதற்கு அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும். அவள் வந்து பின்னால் பூனை இல்லையென்று பார்த்து வேனை இரண்டு தட்டு தட்டினால்தான் உள்ளே வரவேண்டும். அவள் வீட்டில் இல்லையென்றால் அவரே இறங்கிப் பார்க்க வேண்டும்.

"பத்தொம்பது வருஷமா வண்டி ஓட்டுறேன். ஒரு பெட்டி உடைஞ்சதில்ல. எனக்கு நீ பாடம் எடுக்கிறியா?" என்பார் மேஸ்திரி. ஆனாலும் அவள் இருக்கும்போது ஹாரன் அடிப்பார்.

அன்று அவள் இல்லை.

ஐந்தரைக்கு அவள் தெருமுனையில் திரும்பும்போதே எதிர்வீட்டு டீச்சர் ஓடிவந்தார். "உங்க பூனை ரோட்டோரத்துல கிடக்குதும்மா. இப்பதான் பார்த்தேன். உயிர் இருக்கு." அவள் கைப்பையை அவரிடம் திணித்துவிட்டு ஓடினாள். சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் மேனேஜர் பக்கவாட்டில் கிடந்தான். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. வீட்டுக்குள் மேஸ்திரி குளித்து, டீ குடித்து, பாயில் படுத்திருந்தார். கூப்பிட்டதும் பதறி எழுந்தார். "ஐயையோ, எந்தப் பாவி அடிச்சான்?" என்று தலையில் கை வைத்தார். மூன்று மணிக்கே வந்துவிட்டதாகவும், பூனையைப் பார்க்கவே இல்லையென்றும் சொன்னார். வேனை எடுத்து கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பாவம், என்னமாய்ப் பயந்துவிட்டார் என்று அவள் உருகிப் போனாள். அந்த உருக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

டாக்டரம்மா ஊசி போட்டு, படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முதுகெலும்பில் அடி. "ஒரு பின்னங்கால் இழுத்துக்கிட்டுத்தான் போகும். இன்னொண்ணுல கொஞ்சம் பலம் இருக்கு. சிறுநீர் தானாப் போறான், அது பெரிய விஷயம். அடிபட்டு ரொம்ப நேரம் கிடந்திருக்கான். ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா வீக்கம் இவ்வளவு ஏறியிருக்காது. கால் இன்னும் கொஞ்சம் நல்லா இருந்திருக்கலாம். இப்ப சொல்லி என்ன பண்றது."

பிறகு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார், பூனையைப் பிடித்துக்கொள்ள. ஸ்கேன் எடுப்பதற்காக அடிவயிற்று முடியை மழித்துக்கொண்டிருந்த உதவியாளர் கேட்டார்: "இது என்ன அம்மா, பெயிண்ட்டா? முடியோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது."

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளை வயிற்றில் பழுப்பு நிறத்தில் நான்கு கோடுகள். நான்கு விரல்கள்.

அது பெயிண்ட் இல்லை. டைல்களின் இடுக்கை அடைக்கிற கலவை. கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாத ரகம். பல் டாக்டர் வீட்டுக் குளியலறைக்கென்று அந்த வாரம்தான் மேஸ்திரி அந்தப் பழுப்பைக் கலக்க ஆரம்பித்திருந்தார். "காப்பித்தூள் கலர் வேணுமாம். பல் டாக்டருக்குக் கறை மேல அவ்வளவு ஆசை" என்று முந்தின நாள்தான் கிண்டலடித்தார்.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. இறங்கிப் பார்க்காமல் வேனைப் பின்னால் எடுத்திருக்கிறார். ஏற்றிவிட்டார். அதுவரை சரி, யாருக்கும் நடக்கும். பிறகு இறங்கி, உயிரோடு இருந்த மேனேஜரை வயிற்றில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டுபோய், ரோட்டோரத்தில் வைத்துவிட்டு, உள்ளே வந்து சோப்புப் போட்டுக் குளித்து, டீ போட்டுக் குடித்திருக்கிறார். உடைந்ததை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

"பெயிண்ட்தான்" என்றாள். மழித்த முடியில் ஒரு கொத்தைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அதை ஊசி டப்பாவில், நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில் போட்டு மூடினாள்.

கேட்டுத் தொலைத்திருக்கலாம். அங்கேயே, ஆஸ்பத்திரி வாசலிலேயே, சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், டப்பாவைத் திறந்து காட்டினால் ஆமாம் என்பார். அந்த ஆமாமை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவராக வாயைத் திறக்க வேண்டும். "நான்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அழுது, திட்டி, ஒரு வாரம் பேசாமலிருந்து, பிறகு மன்னித்துவிடலாம். அவளுக்கு மன்னிக்க ஆசையாகத்தான் இருந்தது. சொல்லாவிட்டால் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. டாக்டரம்மா ஆறு வாரம் என்றார். ஆறு வாரத்தில் அவனாக நகர்ந்து ஏற ஆரம்பிப்பான். சரி, மேனேஜர் தன்னாலே ஜன்னலுக்கு ஏறுகிற நாள்வரை இந்த மனிதருக்கு அவகாசம் என்று அவள் மனதுக்குள் நாள் குறித்தாள். அவருக்கு அவகாசம் கொடுத்திருப்பது அவருக்கே தெரியாது.

மேஸ்திரி என்ன செய்தார்? வேலை செய்தார். விழுந்து விழுந்து செய்தார்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வழுக்காத தரை வேண்டும். தாண்ட வேண்டிய இடமே இருக்கக்கூடாது. மலஜலம் கழிக்கிற மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர் இரண்டு மூன்று இடத்தில். வெளியே பார்க்க ஓர் இடம் கட்டாயம், இல்லாவிட்டால் மனசு ஒடிந்து சாப்பாட்டை நிறுத்திவிடும். "நல்லாப் பார்த்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம்கூட ஜாலியா இருப்பான்" என்று சிரித்தபடி சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டு அவளும் அன்று சிரித்தாள்.

அந்தக் காகிதத்தை மேஸ்திரி வீட்டுப் பிளான் மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டார். முதல் வேலையாக ஜன்னலுக்கு ஒரு சாய்வுப் பலகை. மூன்று நாள் முற்றத்தில் தட்டினார், அறுத்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார். நான்காம் நாள் துணியை விலக்கித் திறப்பு விழா நடத்தினார். அவள் வாயடைத்துப் போனாள். பலகை முழுக்க வெள்ளை வெளேரென்று பளபளக்கிற டைல்ஸ் ஒட்டியிருந்தார். ஓரத்துக்கு நீலப் பார்டர் வேறு. முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"இறக்குமதி சரக்கு. பெரிய ஹோட்டல் வேலையில மிச்சமானது" என்றார் பெருமையாக.

மேனேஜரைக் கீழே விட்டார்கள். முன்னங்கால்களை வைத்தான். இழுத்தான். ஒரு சாண் ஏறினான். பிறகு அப்படியே, ஒரு முகபாவமும் மாறாமல், பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வந்து தரையில் அமர்ந்தான். மறுபடி ஏறினான். மறுபடி சறுக்கினான். மூன்றாவது தடவை திரும்பி மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தான். வேலையை விட்டு நிறுத்துகிற பார்வை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஸ்திரியும் சிரித்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இப்போது சொல்வார், இதோ சொல்லப் போகிறார் என்று அவள் அவர் வாயையே பார்த்தாள். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்தார்.

"உன் பட்டறையில கார்ப்பெட் துண்டு மிச்சம் கிடக்குமா?" என்றார்.

கிடந்தது. அவள் பை நிறையக் கொண்டுவந்தாள். அவர் டைல்ஸைப் பெயர்த்து எறிந்தார். ஒரு டைலைக்கூட வீணாக்காத மனிதர் சுத்தியலால் அடித்துப் பெயர்த்தார். சரிவை இன்னும் நீளமாக்கி, குறுக்கே சின்னச் சின்னச் சட்டம் அவர் அடிக்க, மேலே அவள் கார்ப்பெட்டை இழுத்துக் கட்டித் தைத்தாள். இருபக்கமும் விழாமலிருக்க நான்கு விரல் உயரத்துக்குக் கைப்பிடி. ஜன்னலில் ஒரு படுக்கை, உள்ளே அவள் வைத்துத் தைத்த நுரை மெத்தை. ஜன்னலுக்கு வெளியே மேனேஜர் விழாமலிருக்க வலை. கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் ரப்பர் விரிப்பு, ஓரங்கள் மடங்காமல் பசை போட்டு ஒட்டியது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் முன்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்கு அறுத்து, முனையைத் தீயில் காட்டி மழுக்கி, மண் தட்டாக்கினார். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு ஒரு மணை. படுத்தபடியே தட்டி விளையாட, கயிற்றில் தொங்கும் பாபின்கள். சமையலறை வாசலில் இருந்த சிமெண்ட் திட்டை உடைத்து மட்டம் செய்தார்.

அந்தத் திட்டில்தான் அவள் பத்து வருஷமாகக் கால் விரலை இடித்துக்கொள்கிறாள். முழங்கால் வலி வந்த பிறகு நூறு தடவை சொல்லியிருப்பாள், உடைத்துவிடுங்கள் என்று. "தரையோட அழகே போயிடும்" என்பார். இப்போது ஒரே காலையில் உடைத்துவிட்டார். குளியலறையில்கூடச் சொரசொரப்பான டைல்ஸ் மாற்றினார், மேனேஜர் வாசல்வரை போகிறானாம். குற்றவுணர்ச்சி இவ்வளவு நல்ல கொத்தனாராக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், முன்பே ஏதாவது ஒரு தப்பைச் செய்யவைத்திருப்பாள். இப்படியெல்லாம் கசப்பாக நினைத்துக்கொண்டே அவள் அந்த மட்டமான வாசலில் சுகமாக நடந்தாள். சுகமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டீச்சர் நான்கு பேரைக் கூட்டிவந்தார், அந்த நான்கு பேர் எட்டுப் பேரிடம் சொன்னார்கள். வாயில்லாத ஜீவனுக்கு இப்படிச் செய்கிற மனிதர் கோடியில் ஒருவர் என்று மேஸ்திரியைப் புகழ்ந்தார்கள். ஒவ்வொருவரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "எப்படி அடிபட்டுச்சு?"

முதலில், "ஏதோ வண்டி" என்றார். குனிந்துகொண்டு சொன்னார், பேச்சை மாற்றினார். இரண்டாவது வாரம், "ஸ்கூட்டர்னு நினைக்கிறேன், சத்தம் கேட்டுச்சு" என்றார். மூன்றாவது வாரம் அது சிவப்பு ஸ்கூட்டர் ஆனது. நான்காவது வாரம் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி முளைத்தது. ஐந்தாவது வாரம் மேஸ்திரி செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடியிருந்தார். பூனையைப் பார்க்கவே இல்லை என்று முதலில் சொன்ன மனிதர் இவர்தான் என்பது யாருக்கும் நினைவில்லை, அவருக்கே இல்லை. "நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா மனுஷன். அடிச்சுட்டு அப்படியே போயிட்டான் பாரு, அவன்லாம் ஒரு பிறவியா?" என்று பல்லைக் கடிப்பார். கோபத்தில் உண்மையாகவே அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டே கேட்டாள். இவர் கதை விடவில்லை, நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

ஆறாவது வாரம் ஒரு விடுமுறை நாள். முற்பகல். மேனேஜர் சாய்வுப் பலகையின் அடியில் வந்து நின்றான். அதுவரை பாதிவரை ஏறி, படுத்து, மியாவ் என்று கூப்பிட்டால் யாராவது தூக்கி மேலே விடுவார்கள். அன்று கூப்பிடவில்லை. நகங்களைக் கார்ப்பெட்டில் ஊன்றினான். இழுத்தான். வலது பின்னங்கால் சும்மா கூட வந்தது, இடது கால் ஒவ்வொரு சட்டத்திலும் உதைத்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினான். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். மேனேஜர் கடைசிச் சட்டத்தையும் தாண்டி, ஜன்னல் மெத்தையில் போய் விழுந்து, வெளியே தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். ஒன்றுமே நடக்காததுபோல் முன்னங்காலை நக்கினான்.

மேஸ்திரியின் கண்கள் கலங்கிவிட்டன. "ஏறிட்டான்" என்றார். "ஏறிட்டான் பாரும்மா."

"ஏறிட்டான்" என்றாள் அவள். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் உதடு அசைந்தது. இது உண்மை, அவள் கண்ணால் பார்த்தாள், அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் டீச்சரின் குரல். "மேஸ்திரி! வெளியே வாங்க! பிடிச்சுட்டேன்!"

டீச்சர் ஓர் ஆளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினைப் பழுது பார்க்கும் மெக்கானிக். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்தலை வழுக்கை, கையில் ஸ்பேனர். எதிர்வீட்டு வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. சிவப்பு. பின்னால் கறுப்புப் பெட்டி.

"இந்த ஆள்தான் அன்னிக்கும் என் வீட்டுக்கு வந்தாரு. ரசீதுல தேதி இருக்கு, பாருங்க. மேஸ்திரி, நீங்க பார்த்த வண்டி இதுதானே?"

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அன்று வாசலிலிருந்து பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது, எதிரே நின்ற இந்த வண்டியைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும். கண்ணில் பட்டதையே கதைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்.

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை, இவர் இல்லை, நான் பார்த்தது வேறு வண்டி என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் வீட்டுக்குப் போயிருப்பார். மேஸ்திரி ஸ்கூட்டரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"இதுதான்" என்றார்.

"அண்ணே, நான் பூனையை அடிக்கலையே" என்றார் மெக்கானிக். டீச்சர் ஜன்னலைக் காட்டினார். மெக்கானிக் மெல்ல நடந்து பலகைக்குப் பக்கத்தில் வந்தார். மேனேஜரின் மடிந்த காலைப் பார்த்தார். கைப்பிடியை, மெத்தையை, தரை விரிப்பைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. "அன்னிக்கு அவசரமா கிளம்பினேன். வண்டி ஏதோ தடக்குனு ஏறி இறங்குச்சு. கல்லுன்னு நினைச்சேன். திரும்பிப் பார்க்கல." அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "நான்தான் போல. நான்தான். மன்னிச்சிடுங்கம்மா. தெரியாம நடந்துபோச்சு. தெரிஞ்சிருந்தா இப்படி விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன்."

ஆறு வாரமாக அவள் காத்திருந்த வார்த்தை. ஒன்றுகூடக் குறையாமல் வந்தது. யாரோ ஒருவர், பெயர்கூடத் தெரியாதவர், செய்யாத தப்புக்குக் கண்ணீரோடு சொன்னார்.

மேஸ்திரி அவர் தோளில் கை வைத்தார். "சரி, எழுந்திரு. வேணும்னேவா செஞ்சே? நான் மன்னிச்சுட்டேன்."

அவள் தையல் மெஷினிடம் போனாள். ஊசி டப்பாவைத் திறந்தாள், பாபின்களை வெளியே கொட்டினாள். அவை தரையெல்லாம் உருண்டன. அந்தக் கொத்து முடியை எடுத்துக்கொண்டுவந்து மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க இல்லண்ணே. உங்க வண்டி கல்லு மேலதான் ஏறியிருக்கும். இது பூனை வயித்துல இருந்த கறை. டைல்ஸ் இடுக்குல அடைக்கிற கலவை. இந்தக் கலரை அந்த வாரம் கலக்கினது இவரு ஒருத்தர்தான். வேனை ஏத்திட்டு, உயிரோட தூக்கிட்டுப் போய் ரோட்டுல வச்சவரு இவரு. நீங்க போங்க. நிம்மதியாப் போங்க."

டீச்சர் கையிலிருந்த ரசீதை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். மெக்கானிக் அந்த முடியைப் பார்த்தார். மேஸ்திரியின் கையைப் பார்த்தார். முடியைப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீச்சரும் பின்னாலேயே நழுவினார்.

மேஸ்திரி கதவைச் சாத்திவிட்டு வந்தார். கடைசியில் வாயைத் திறந்தார். "எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியே."

அவள் ஜன்னலில் இருந்த மேனேஜரின் முதுகைத் தடவினாள்.

"தெரிஞ்சும் ஆறு வாரம் சும்மா இருந்தியா? இவ்வளவு செஞ்சேனே. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? இதெல்லாம் யாருக்காகச் செஞ்சேன்? ஒரு வார்த்தை சொல்லலன்னு இவ்வளவா?"

"வேன் ஏறினதுக்கு நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேங்க" என்றாள். "உங்களை முதல்ல கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். அவன் உங்க கையில மூச்சு விட்டுக்கிட்டு இருந்தானே. அது உங்களுக்குத் தெரிஞ்சுதானே?"

"செத்துடுவான்னு நினைச்சேன்" என்றார் மேஸ்திரி.

செத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். விரிசல்மேல் பீரோ உட்கார்ந்திருக்கும். அவள் பழைய பையை எடுத்து நான்கு சேலைகளை வைத்தாள். மேனேஜரைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் அக்கா வீட்டில் இருந்தாள்.

அக்கா வீடு மூன்றாவது மாடி. அக்கா தங்கமானவள், தங்கையைக் கண்டதும் கட்டிக்கொண்டு, மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி திட்டி, சூடாகச் சாப்பாடு போட்டாள். ஆனால் அக்கா வீட்டுத் தரை பளிங்கு. மேனேஜரைக் கீழே விட்டதும் முன்னங்கால் ஒரு பக்கம், பின்னங்கால் ஒரு பக்கமாக ஈரத்துணிபோல் பரப்பிக்கொண்டு விழுந்தான். எழ முயன்றான், விழுந்தான். வயிற்றால் ஊர்ந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டான். அவள் பழைய துணிகளை விரித்தாள், அவை அவனோடு சேர்ந்து வழுக்கின. அத்தான் ஒன்றில் கால் தடுக்கி விழப் பார்த்தார். முகம் சுளிக்காமல் துணியை நேராக்கிவிட்டார், அந்த அளவுக்கு நல்ல மனிதர். ஜன்னலுக்கு ஒரு பலகை அடிக்கலாமா என்று அவள் கேட்டபோதுதான் தயங்கினார். "வாடகை வீடும்மா. ஆணி அடிச்சா ஓனர் சத்தம் போடுவாரு."

இரண்டாம் நாளும் மேனேஜர் சாப்பிடவில்லை. சிறுநீரும் போகவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏன் இடம் மாத்தினீங்க? பழகின இடத்தை விட்டா இவனால தாங்க முடியாது. இன்னிக்கே இங்க கொண்டுவாங்க, பார்த்துட்டு நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த மாதிரி வீடு யாருக்குங்க அமையும்?" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் சிறுநீரை எடுத்துவிட்டார்கள். வெளியே வந்து கூடையோடு அவள் நெடுநேரம் நின்றாள். பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு தனி அறை எடுத்தால் என்ன என்று யோசித்தாள். அந்த அறைக்குத் தரை யார் போடுவது, பலகை யார் அடிப்பது, வாசல் திட்டை யார் உடைப்பது? எல்லாவற்றுக்கும் ஓர் ஆள்தான் அவளுக்குத் தெரியும். அந்த மனிதர் பூனைக்கு வழியெல்லாம் திறந்து வைத்திருந்தார், ஒவ்வொரு வழியும் அவர் வீட்டுக்குள்ளேயே போய் முடிந்தது. அவர் அப்படித் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

மேஸ்திரி கதவைத் திறந்தார். இரண்டு நாள் தாடி. அவளைப் பார்த்ததும், கூடையைப் பார்த்ததும் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

"வந்துட்டியா!" என்றார்.

"நான் வரல. மேனேஜர் வந்திருக்கான்."

அவர் விலகி வழிவிட்டார். அவள் கூடையைத் தரையில் வைத்துத் திறந்தாள். மேனேஜர் வெளியே வந்தான், ரப்பர் விரிப்பை முகர்ந்தான், நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய் மளமளவென்று குடித்தான். பிறகு தாழ்ந்த விளிம்பைத் தாண்டி மண் தட்டில் உட்கார்ந்தான். பிறகு சாய்வுப் பலகைக்கு வந்து, நகங்களை ஊன்றி, சட்டம் சட்டமாக ஏறி ஜன்னலுக்குப் போனான்.

"பார்த்தியா? ரெண்டாவது சட்டம் கொஞ்சம் உயரமா இருந்துச்சு, நேத்து இழைச்சு வச்சேன்" என்றார் மேஸ்திரி. பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மரத்தூளை ஊதினார். பிறகு, "டீ போடட்டுமா?" என்றார்.

அவள் உள்ளறையிலிருந்து தன் பாயையும் தலையணையையும் எடுத்துவந்து சாய்வுப் பலகைக்குப் பக்கத்தில், கூடத்தில், சுவரோரமாக விரித்தாள். தரையில் கிடந்த பாபின்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். மேஜைமேல் வைத்த கொத்து முடி அங்கே இல்லை. எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவர் எங்காவது வைத்திருப்பார். ஜன்னல் மெத்தையில் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு குறுகுறுவென்று சத்தம் எழுப்ப ஆரம்பித்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பத்து வருஷம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள்.